பள்ளியில் நடத்தும் உடற்பயிற்சித் திட்டம் பயன் தந்ததா என்பதை எப்படி மதிப்பிடுவது?

வினா: ஓடுதளம் (உடற்கல்வி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் ஏறத்தாழ நானூறு மாணவ மாணவியர் படிக்கிறார்கள். வரும் கல்வியாண்டில் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கத் தலைமையாசிரியர் ஒப்புதல் அளித்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள் இப்போதும் உண்டு. அவற்றோடு, காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பாக வாரத்தில் ஐந்து நாளும் 20 நிமிடம் ஓட்டம், கயிறு தாண்டுதல், கோ-கோ, சிறு விளையாட்டுகள் ஆகியவற்றில் எல்லாப் பிள்ளைகளையும் ஈடுபடுத்த வேண்டும் என்பதே திட்டம். கயிறுகள், கூம்புகள், பந்துகள் வாங்கப் பள்ளி மேலாண்மைக் குழு உதவுகிறது. ஆண்டு முடிவில், செலவிட்ட பணத்துக்கும் நேரத்துக்கும் பயன் கிடைத்ததா என்று ஓர் அறிக்கை தர வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது. அது நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன்.

பொதுவாக எங்கள் துறையில் இப்படிக் கேட்டால், குறுவட்டப் போட்டியிலும் வருவாய் மாவட்டப் போட்டியிலும் எத்தனை இடங்கள் வென்றோம் என்று காட்டுவதே வழக்கம். ஆனால் அந்த வெற்றிகள் பள்ளியில் உள்ள இருபது முப்பது பேருடையவை. இந்தத் திட்டம் மீதமுள்ளவர்களுக்காகத்தான். ஒன்றிய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தின் உடற்தகுதித் தேர்வை எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, அமர்ந்து எட்டுதல், பகுதி உடல் எழுப்பல் (மல்லாந்து படுத்தபடி மேலுடலை உயர்த்துதல்), தண்டால், உயரம், எடை ஆகியவற்றின் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன.

என் ஐயங்கள் மூன்று. ஜூன் மாதம் ஒருமுறையும் பிப்ரவரியில் ஒருமுறையும் தேர்வு வைத்து வேறுபாட்டைக் காட்டினால் போதுமா? உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண்ணை வெற்றிக்கான அளவாக வைக்கலாமா? கருவிகள் வாங்கப் பணம் இல்லாத நிலையில், அந்த 20 நிமிடத்தில் பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு உடல் அசைவில் இருந்தார்கள் என்பதை எப்படி அறிவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: எண்ணும் கண்ணும் (பொதுச் சுகாதார ஆய்வாளர், வேலூர்)

வணக்கம் ஐயா. திட்டம் தொடங்கும் முன்பே மதிப்பீட்டைப் பற்றிக் கேட்டது மிகவும் நல்லது. எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சியிருக்காது.

முதல் ஐயத்துக்கு என் பதில், போதாது என்பதே. ஜூனுக்கும் பிப்ரவரிக்கும் இடையில் அந்தப் பிள்ளைகளின் உடலில் உங்கள் திட்டம் மட்டுமே வேலை செய்வதில்லை. பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்த எட்டு மாதங்களில் கால் நீளும், தசை வலுக்கும். காலையில் ஒரு நாள்கூட ஓடாவிட்டாலும் அவனுடைய 50 மீட்டர் நேரம் குறைந்துவிடக்கூடும். அதே வயதுப் பெண்ணுக்குப் பூப்புக்குப் பிந்தைய உடல் மாற்றங்களால் 600 மீட்டர் நேரம் அப்படியே நிற்கலாம், சற்றுக் கூடவும் செய்யலாம். முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால், பையன்களுக்குத் திட்டம் பெரும் வெற்றி, பெண்களுக்குத் தோல்வி என்று எழுத நேரும். இரண்டுமே தவறாக இருக்கக்கூடும். இதனோடு பருவநிலையும் சேர்கிறது. உங்கள் மாவட்டத்தின் ஜூன் வெயிலில் ஓடிய 600 மீட்டரும், பிப்ரவரி மாதக் காலைக் குளிர்ச்சியில் ஓடிய 600 மீட்டரும் ஒரே தேர்வு ஆகா. தவிர, இரண்டாம் முறை ஓடும்போது எந்த இடத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடுகிறது.

ஏமாந்துபோகக்கூடிய இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். மிகவும் பின்தங்கியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனிப் பயிற்சி கொடுத்தால், அடுத்த தேர்வில் அவர்களுடைய சராசரி ஏறத்தாழ எப்போதும் மேம்பட்டே தெரியும். அன்று காய்ச்சலோடு வந்தவர், காலை உணவு இல்லாமல் வந்தவர், மனமில்லாமல் ஓடியவர் எல்லோரும் அந்தக் கடைசிப் பட்டியலில் கலந்திருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் தம் வழக்கமான நிலைக்குத் திரும்பினாலே அது முன்னேற்றம் போலத் தோன்றும்.

ஆகவே ஒப்பீடு வேண்டும். உங்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. முதலாவது, உங்களிடம் உள்ள பழைய பதிவுகள். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பினர் பிப்ரவரியில் ஓடிய நேரத்தையும், திட்டத்தில் இருந்த அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பினர் அதே மாதத்தில் ஓடும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். வயதும் பருவநிலையும் பெரும்பாலும் சமமாகிவிடும். இரண்டாவது வழி இன்னும் வலுவானது: திட்டத்தை எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே நாளில் தொடங்காமல், பாதிப் பிரிவுகளுக்கு ஜூனிலும் மீதிக்கு அரையாண்டு விடுமுறைக்குப் பிறகும் தொடங்குங்கள். எந்தப் பிரிவு முதலில் என்பதைத் தலைமையாசிரியர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். யாருக்கும் திட்டம் மறுக்கப்படுவதில்லை. டிசம்பர் வரையிலான காலத்துக்கு உண்மையான ஒப்பீடு கிடைத்துவிடுகிறது. ஆங்கில வழிப் பிரிவு, தமிழ் வழிப் பிரிவு என்று உங்கள் பள்ளியில் இருந்தால், ஆங்கில வழிப் பிரிவுகள் அனைத்தும் ஒரே பக்கம் போய்விடாதபடி குலுக்கல் முறையை அமைத்துக்கொள்ளுங்கள். குடும்பச் சூழல், உணவு, பள்ளிக்கு வரும் முறை எல்லாம் அந்தப் பிரிவுகளுக்கிடையே வேறுபடக்கூடும்.

இரண்டாவது ஐயமான பி.எம்.ஐ. பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல திட்டங்கள் பலவற்றைத் தோல்வி என்று எழுத வைத்தது இந்த அளவுதான். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை எலெய்ன் வைலி 2012இல் தொடங்கிய ‘டெய்லி மைல்’ என்ற முயற்சியை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் நாள்தோறும் 15 நிமிடம் பள்ளிச் சீருடையிலேயே வெளியே வந்து, அவரவர் வேகத்தில் ஓடவோ நடக்கவோ செய்கிறார்கள். அங்கே போட்டி கிடையாது, தனிக் கருவியும் தேவையில்லை. ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தினர் இந்த முயற்சியை மேற்கொண்ட ஒரு பள்ளியையும் மேற்கொள்ளாத ஒரு பள்ளியையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான அல்லது தீவிரமான உடல் அசைவு நாளுக்கு ஏறத்தாழ 9 நிமிடம் கூடியிருந்தது, உட்கார்ந்திருக்கும் நேரம் 18 நிமிடம் குறைந்திருந்தது, 20 மீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாக ஓடும் தேர்வில் கடந்த தொலைவு 39 மீட்டர் கூடியிருந்தது. பின்னர் பர்மிங்ஹாமில் 40 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை 2020இல் வெளியானது. அங்கே முதன்மை அளவாக வைக்கப்பட்டது வயதுக்கேற்ற பி.எம்.ஐ.; பன்னிரண்டு மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை, பெண் பிள்ளைகளிடம் மட்டும் சிறு பயன் தெரிந்தது. ஆய்வின் வலுவைப் பார்த்தால் பர்மிங்ஹாம் சோதனை மேலானது. ஸ்டெர்லிங்கில் ஒப்பிட்டவை இரண்டே பள்ளிகள், அவற்றைக் குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. ஆனாலும் ஒன்று நன்றாகத் தெரிகிறது: எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே முயற்சி பயனுள்ளதாகவும் பயனற்றதாகவும் அறிக்கையில் இடம்பெறக்கூடும்.

நம் பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே வகுப்பில் எடை குறைந்த பிள்ளைகளும் எடை மிகுந்த பிள்ளைகளும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். வகுப்பின் சராசரி பி.எம்.ஐ. குறைந்தது என்றால், மெலிந்த பிள்ளைகள் இன்னும் மெலிந்திருக்கக்கூடும். அதை வெற்றி என்று எழுதுவது பிள்ளைகளுக்கு இழைக்கும் தீங்கு. உயரத்தையும் எடையையும் அளந்து வையுங்கள், ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் நலனைக் கவனிப்பதற்காக மட்டும்.

எதிர்பார்ப்பையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரையிலானவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடல் அசைவு, அதாவது வாரத்துக்கு 420 நிமிடம். இரண்டு பாடவேளைகள் 80 நிமிடம், காலை நேரம் 100 நிமிடம், ஆக 180. இதில் பாதி நேரம் பிள்ளை உண்மையில் அசைந்தால் 90 நிமிடம். இது பரிந்துரையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பயனுள்ள பங்குதான், ஆனால் உணவு எதுவும் மாறாமல் இதனால் மட்டும் எட்டு மாதத்தில் உடல் எடை மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

பதில் 2: நெய்தல் (உடற்கல்வி ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்)

வணக்கம். வேலூர் ஐயா ஒப்பீட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உடற்தகுதித் தேர்வுக்குப் போவதற்கு முன்பே பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: திட்டம் உண்மையில் நடந்ததா? காகிதத்தில் வாரம் ஐந்து நாள் என்று இருக்கும். மழை, திருப்புதல் தேர்வு, சிறப்பு வகுப்பு, ஆசிரியர் மாற்றுப்பணி, மைதானத்தில் வேறு விழா என்று நாள்கள் போய்க்கொண்டே இருக்கும். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கோ அறிவியல் பாடத்துக்கோ கேட்டு வாங்கிக்கொள்வது நம் பள்ளிகளில் எல்லோரும் அறிந்த நடைமுறை. குறிப்பாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குப் பிறகு உடற்கல்விப் பாடவேளை கிடைப்பதே அரிது. ஆகவே ஒரு குறிப்பேடு வையுங்கள். ஒவ்வொரு நாளும் நடந்ததா, எத்தனை நிமிடம், எத்தனை பேர், நடக்கவில்லை என்றால் காரணம் என்ன என்று நான்கு பத்திகள் போதும். ஆண்டு முடிவில் பயன் தெரியவில்லை என்றால், திட்டம் பயனற்றதா அல்லது நடக்கவே இல்லையா என்பதை அந்தக் குறிப்பேடுதான் சொல்லும். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசும்போது இழந்த நாள்களின் பட்டியலுக்கு இருக்கும் வலிமை வேறு எந்த எண்ணுக்கும் இல்லை.

மூன்றாவது ஐயத்துக்குக் கருவி தேவையில்லை. தாமஸ் மெக்கன்சி என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ‘சோஃபிட்’ என்ற உற்றுநோக்கல் முறை இருக்கிறது. ஒரு கைக்கடிகாரமும் ஒரு தாளும் போதும். வகுப்பு தொடங்கும் முன்பே வருகைப் பதிவேட்டிலிருந்து நான்கு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளையைப் பத்து நொடி பார்த்து, அடுத்த பத்து நொடியில் குறித்துக்கொள்ள வேண்டும்: படுத்திருக்கிறார் என்றால் 1, உட்கார்ந்திருக்கிறார் என்றால் 2, நிற்கிறார் என்றால் 3, நடக்கிறார் என்றால் 4, நடையைவிடக் கடுமையாக இயங்குகிறார் என்றால் 5. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த பிள்ளைக்கு மாற வேண்டும். நிமிடத்துக்கு மூன்று குறிப்புகள் வீதம் 20 நிமிடத்தில் 60 குறிப்புகள் கிடைக்கும். அதில் 4, 5 என்று குறித்தவை 24 என்றால், 40 விழுக்காடு நேரம் பிள்ளைகள் அசைவில் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். பல நாடுகளில் உடற்கல்வி வகுப்புக்கு 50 விழுக்காட்டை இலக்காக வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வரும் பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியருக்கான பட்டப் படிப்பு) மாணவர்களுக்கு இரண்டு நாளில் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். தொடக்கத்தில் இருவர் ஒரே பிள்ளையைத் தனித்தனியாகக் குறித்து, இருவருடைய தாளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மைதானத்தில் நம் கண் தானாகவே நன்றாக விளையாடும் பிள்ளையின் பக்கம் போய்விடுகிறது. ஒரு பந்தோடு அறுபது பேரை விட்டால், பத்துப் பேர் ஓடுவார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். அந்த மரத்தடியில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகளாக இருப்பார்கள். எனவே எல்லாக் கணக்கையும் ஆண், பெண் என்று பிரித்தே எழுதுங்கள். மொத்தச் சராசரி நன்றாக இருந்து, பெண் பிள்ளைகளின் பங்கேற்பு மட்டும் எட்டாம் வகுப்பிலிருந்து சரிந்தால், அறிக்கையின் முதல் பத்தியில் வர வேண்டியது அந்தச் சரிவுதான். அதற்கான காரணங்களையும் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும்: சீருடையோடு ஓடுவதில் உள்ள சங்கடம், மாதவிடாய் நாள்களில் கழிப்பறையில் தண்ணீர் இல்லாமை, பையன்கள் சுற்றி நின்று பார்ப்பது, மைதானம் சாலையை ஒட்டி இருப்பது. பெயர் எழுதாமல் தாளில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னால், நேரில் சொல்லாத பலவற்றையும் எழுதுவார்கள்.

பள்ளிக்கு வெளியே உள்ள அசைவைக் கேட்கும் வினாத்தாள்கள் பல இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பனிச்சறுக்கையும் நீச்சல் குளத்தையும் கேட்கும் அந்தப் பட்டியல்களில், குடத்தில் தண்ணீர் எடுப்பதும், ஆடு மேய்ப்பதும், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடப்பதும், பேருந்து நிறுத்தத்துக்கு நெடுந்தூரம் நடப்பதும் இருக்காது. 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனத்தினர் செய்த கணக்கில், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலக அளவில் 81 விழுக்காட்டினருக்குப் போதிய உடல் அசைவு இல்லை; இந்தியாவில் அது 74 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. இந்தியப் பெண் பிள்ளைகளின் எண் பல நாடுகளைவிடக் குறைவாக இருந்ததற்கு வீட்டு வேலை ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்களே குறிப்பிட்டார்கள். அதை நாம் பெருமையாகக் கொள்ள முடியாது. வேலையால் களைத்த பிள்ளைக்கு விளையாட்டு கிடைத்ததா என்பது தனிக் கேள்வி. வினாத்தாளில் வேலையையும் விளையாட்டையும் தனித்தனியே கேளுங்கள்.

பதில் 3: பழைய விசில் (ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர், மதுரை)

இருவரும் சொன்னவற்றோடு, தேர்வை நடத்தும் முறை பற்றி மட்டும் சேர்க்கிறேன். 600 மீட்டர் நேரத்தை நம்ப வேண்டுமானால் முதலில் அது 600 மீட்டராக இருக்க வேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் 200 மீட்டர் ஓடுதளமே இல்லை. மைதானத்தின் ஓரமாக 100 அல்லது 120 மீட்டர் சுற்று போட்டு ஓட விடுகிறோம். அந்தச் சுற்றை இரும்பு நாடாவால் அளந்து, கூம்புகள் நிற்கும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்து வையுங்கள். திருப்பங்கள் கூர்மையாக இருந்தால் நேரம் கூடும். ஜூனில் ஒரு விதமாகவும் பிப்ரவரியில் வேறு விதமாகவும் போட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் ஓட விடாதீர்கள். வெறுங்காலா, காலணியா என்பதை இரண்டு முறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலை உணவைப் பற்றியும் கேளுங்கள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள், ஒன்றும் சாப்பிடாமல் வருபவர்கள் அவர்களில் இருப்பார்கள். சாப்பிடாத பிள்ளையை ஓட விடாமல் வேறு நாளில் தேர்வு வைப்பதே முறை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களைப் பெற்றோரிடமும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் கேட்டு முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இரத்தசோகையையும் மறக்க வேண்டாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. மூச்சு வாங்கி நின்றுவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடாமல் இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். எடை பார்க்கும்போது எண்ணை உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த ஓர் எண்ணுக்காக ஆண்டு முழுவதும் மைதானத்துக்கு வராமல் ஒதுங்கும் பிள்ளைகள் உண்டு.

தண்டாலும் பகுதி உடல் எழுப்பலும் எண்ணுபவரின் தாராளத்தைப் பொறுத்தே பெரிதும் மாறுகின்றன. திட்டத்தை நடத்துபவரே எண்ணினால், அறியாமலே இரண்டு மூன்று கூடிவிடும். பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரை அழைத்து உங்கள் தேர்வை அவர் நடத்தட்டும், அவருடைய தேர்வை நீங்கள் நடத்துங்கள்; எந்தப் பிரிவு முதலில் திட்டத்தில் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. திட்டம் தொடங்கும் முன்பே முப்பது பிள்ளைகளை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை 600 மீட்டர் ஓட விட்டுப் பாருங்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமலே சராசரி ஐந்தாறு நொடி மாறுகிறது என்றால், பிப்ரவரியில் ஐந்தாறு நொடி குறைந்ததை யாரிடமும் வெற்றியாகக் காட்ட முடியாது.

வினாவைத் தொடுத்தவர்: ஓடுதளம்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. இரண்டு கட்டமாகத் தொடங்கத் தலைமையாசிரியர் இசைந்துவிட்டார். குலுக்கலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே நடத்தலாம் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. காலையில் ஓடிக் களைத்த பிள்ளைகள் மாலையில் விளையாடுவதைக் குறைத்துக்கொண்டால், திட்டத்தால் கூடிய அசைவு அங்கே கழிந்துவிடாதா? எங்களிடம் உள்ள பிரிவுகள் பத்து மட்டுமே. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எவ்வளவு உறுதியாக எழுத முடியும்? ஓராண்டில் தெளிவான பலன் தெரியாவிட்டால் குழு திட்டத்தை நிறுத்திவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

பதில் 4: எண்ணும் கண்ணும்

கழிந்துவிடக்கூடும் ஐயா, அது பலமுறை கண்ட ஒன்றுதான். பள்ளித் திட்டங்களைப் பற்றிய சோதனைகளில், உடல் அசைவைப் பதிவு செய்யும் முடுக்கமானிக் கருவியைக் கட்டி நாள் முழுவதும் அளந்தவற்றை மட்டும் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, பிள்ளைகளின் முழுநாள் அசைவு கூடியதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது. பள்ளியில் கூடியது வீட்டில் குறைந்ததா, அல்லது நெய்தல் அம்மா சொன்னபடி திட்டங்கள் எழுதியபடி நடக்கவே இல்லையா என்பதைப் பிரித்தறிவது அந்தச் சோதனைகள் பலவற்றில் இயலவில்லை. அதனால்தான் அவர் சொன்ன குறிப்பேடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாலை நேரத்தை அறிய, இரு கட்டப் பிரிவுகளிலும் ஒரே வாரத்தில், ‘நேற்று பள்ளி விட்ட பிறகு என்னென்ன செய்தாய்’ என்று நாள்தோறும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எவ்வளவு விளையாடுவாய் என்று கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். நேற்றைப் பற்றிக் கேட்டால் நினைவிலிருந்து சொல்வார்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, நானூறு பிள்ளைகள் இருப்பதால் நானூறு தனிச் சான்றுகள் இருக்கின்றன என்று கொள்ள முடியாது. ஒரே பிரிவில் இருப்பவர்கள் ஒரே ஆசிரியர், ஒரே கால அட்டவணை, ஒரே நட்பு வட்டத்தில் இருப்பதால் ஒன்றாகவே ஏறுவார்கள், ஒன்றாகவே இறங்குவார்கள். உங்களிடம் உள்ளவை பத்துப் பிரிவுகள், ஐந்துக்கு ஐந்து. ஒவ்வொரு பிரிவின் சராசரி மாற்றத்தையும் தனித்தனியே ஒரு தாளில் புள்ளியாக வைத்துக் குழுவிடம் காட்டுங்கள். முதலில் தொடங்கிய ஐந்தும் மற்ற ஐந்தைவிடத் தெளிவாக மேலே நின்றால் அதை எவரும் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். கலந்து கிடந்தால், கலந்து கிடக்கிறது என்று அப்படியே எழுதுங்கள். தேர்வு நாளில் வராதவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும், ஏனென்றால் ஓடப் பிடிக்காதவர்களே பெரும்பாலும் அன்று விடுப்பு எடுப்பார்கள்.

உங்கள் கவலைக்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எது நடந்தால் திட்டத்தைத் தொடர்வோம், எது நடந்தால் மாற்றுவோம் என்பதை ஜூன் மாதமே குழுவோடு பேசித் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். என் பரிந்துரை இது: முதலாண்டில் திட்டமிட்ட நாள்களில் எத்தனை பங்கு நடந்தது, அந்த 20 நிமிடத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே எவ்வளவு நேரம் அசைவில் இருந்தார்கள் என்ற இரண்டை மட்டும் முடிவுக்கான அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 600 மீட்டர் நேரம் துணைச் செய்தியாக இருக்கட்டும். சுவிட்சர்லாந்தில் 2005-06 கல்வியாண்டில் 28 வகுப்புகளில் நடத்திய சோதனையில், ஏற்கெனவே இருந்த வாரம் மூன்று உடற்கல்விப் பாடவேளைகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, வகுப்பறையில் சிறு அசைவு இடைவேளைகளும் உடற்பயிற்சி வீட்டுப்பாடமும் கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் உடற்தகுதி உயர்ந்தது, உடற்கொழுப்பும் சற்றுக் குறைந்தது. திட்டம் நின்று மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது உடற்தகுதியில் மட்டும் பயன் நிலைத்திருந்தது. அவ்வளவு நேரமும் அவ்வளவு ஆசிரியர்களும் இருந்த இடத்திலேயே இதுதான் விளைவு. உங்கள் குழுவுக்கு இந்த அளவையும் சொல்லிவைத்தால், பிப்ரவரியில் அவர்கள் எதிர்பார்ப்பது நடக்கக்கூடியதாக இருக்கும்.

குலுக்கல் முடிந்ததும் சோஃபிட் தாளின் தமிழ் வடிவம் ஒன்றை இதே இழையில் பதிவிடுகிறேன். பி.பி.எட். மாணவர்கள் உங்கள் பள்ளிக்கு எந்த மாதம் வருகிறார்கள் என்பதைத் தெரிவித்தால், அவர்களுக்கான பயிற்சி நாளையும் முடிவு செய்துகொள்ளலாம்.